பிரசாதத்துக்குக் கலோரி கிடையாது

எங்கள் எதிர் ஃபிளாட் மாமி எண்களை நம்மைப் போலச் சொல்ல மாட்டார். நூற்று எண்பது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஒன் எய்ட் ஜீரோ என்பார். ஐநூற்று ஐம்பது என்றால் டபுள் ஃபைவ் ஜீரோ. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போர்டின் முன்னால் உட்கார்ந்து, யார் யாரோ கேட்ட எண்களைத் திருப்பிச் சொல்லியே ரிடையர் ஆனவர். தெருவுக்கு இரண்டு எஸ்.டி.டி. பூத் வந்து அவர் செய்த வேலையே இல்லாமல் போன பிறகும் குரல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. கீரைக்காரியிடம் அவர் பேரம் பேசுவதைக் கேட்டால், நாம் மதுரைக்கு லைன் கேட்டுக் காத்திருக்கிறோமோ என்று சந்தேகம் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில், குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி நாலே ஃபிளாட் உள்ள கட்டடத்துக்குக் குடிபோனோம். நான் அப்போதுதான் பிள்ளை பெற்று எழுந்திருந்தேன். பெற்ற பிறகும் உடம்பு ஏழு மாதக் கர்ப்பிணி போலவே இருந்தது. தேனாம்பேட்டையில் ஆபீஸ். காலை பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார வருகிறவர்கள் ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். அந்த எரிச்சல் எல்லாம் சேர்ந்து நான் இன்னும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

புதுவீட்டுக்கு வந்த மரியாதைக்கு மாமி வீட்டுக் கதவைத் தட்டி ஒரு தட்டில் மைசூர்பாகு கொடுத்தேன். வாங்கிய கையோடு குனிந்து முகர்ந்து பார்த்தார்.

“நெய்யில பண்ணினதா?”

“ஆமாம் மாமி. நல்ல கடை.”

“ஒரு துண்டு டூ ஃபைவ் ஜீரோ இருக்கும். நாலு வெச்சிருக்கே. ஆக ஒன் டிரிபிள் ஜீரோ.” ஒரு துண்டை எடுத்தார். கத்தியால் நாலாக நறுக்கினார். அதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தட்டைத் திருப்பிக் கொடுத்தார். “மிச்சத்த நீ தின்னுடாதே. ஆபீஸுக்கு எடுத்துண்டு போய் யாருக்காவது குடு.”

அந்த வாரமே அவருக்குக் கலோரி மாமி என்று பெயர் வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர், மெதுவாகச் சொல், கேட்கப் போகிறது என்றார். கேட்கட்டுமே என்றேன்.

மாமியின் கணக்கு மாமாவிலிருந்து தொடங்கியது. மாமாவுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த அன்று டாக்டர் ஒரு அச்சடித்த தாள் கொடுத்திருக்கிறார். எதில் எத்தனை கலோரி என்று போட்டிருக்கும் தாள். அதை மற்ற வீடுகளில் அலமாரித் தட்டில் விரிப்பார்கள். மாமி மனப்பாடம் செய்தார். அதில் ரொட்டி இருந்தது, ஆம்லெட் இருந்தது, கார்ன்ஃப்ளேக்ஸ் இருந்தது. அடை இல்லை, வத்தக்குழம்பு இல்லை, சேவை இல்லை. இல்லாததையெல்லாம் மாமியே போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார். இதற்காகவே கடிதம் நிறுக்கிற தபால் தராசு ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து சமையல் மேடையில் வைத்திருந்தார். மாமாவின் சாதம் அதில் ஏறி இறங்கித்தான் தட்டுக்குப் போகும். தட்டும் சின்னத் தட்டு, பேத்திக்கு வாங்கியது. பெரிய தட்டில் போட்டால் கொஞ்சமாகத் தெரியுமாம்.

கேலி செய்தேனே தவிர, மாமி என்னை விடவில்லை. ஒருநாள் நான் மாடிப்படியில் நின்றபடியே பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரித்தபோது பிடித்துக்கொண்டார்.

“உன்னை நான் சாப்பிடாதேன்னு சொல்லலைடி. சாப்பிடறதுக்கு முன்னாடி அது எவ்வளவுன்னு வாய்விட்டுச் சொல்லு. சொல்லிட்டு அப்புறம் வாயில போடு. அவ்வளவுதான்.”

“சொன்னா உடம்பு இளைச்சிடுமா மாமி?”

“சொல்லிப் பாரேன்.”

சொல்லிப் பார்த்தேன். ஆபீஸ் கேண்டீனில் ஒரு மசால் தோசையைப் பார்த்து த்ரீ ஃபைவ் ஜீரோ என்று முணுமுணுத்தபோது எதிரில் இருக்கிறவர்கள் சிரித்தார்கள். ஆனால் இரண்டாவது தோசைக்குக் கை போகவில்லை. காபிக்குப் போடும் மூன்று ஸ்பூன் சர்க்கரை ஒன்றானது. தீபாவளிக்குள் கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கைகளில் கை நுழைந்தது. பட்டினி கிடக்கவில்லை, ஓடவில்லை, மருந்து சாப்பிடவில்லை. எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரிந்து சாப்பிட்டேன், அவ்வளவே. மாமியின் கணக்கு பொய்க்கணக்கு இல்லை என்பதற்கு நானே சாட்சி. இன்றைக்கும் எதையாவது வாயில் போடுமுன் உதடு தானாக அசைகிறது.

மாமா நெட்டையாக, சாதுவாக, எப்போதும் எதையோ மறந்துவிட்டவர் போல இருப்பார். அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பிடிப்பு பெருமாள் கோவிலில் பாசுரம் ஓதும் கோஷ்டி. சாயங்காலம் ஆறு மணிக்குப் பன்னிரண்டு திருமண்ணும் இட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். வரிசையில் நின்று பாசுரம் சேவிப்பார். ஒரு வரி தவறாது, ஓர் எழுத்து மாறாது என்று அந்தத் தெருவே சொல்லும். மற்ற நேரத்தில் அவர் குரலைக் கேட்பது அபூர்வம். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவர்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தால் ஒரே ஒரு பேச்சு மட்டும் காதில் விழும்.

“இன்னும் ஒரு கரண்டி சாதம்?”

“ஃபோர் ஃபைவ் ஜீரோவ தாண்டிடும்.”

“சரி.”

அந்தச் ‘சரி’யில் கோபம் இருக்காது. வருத்தம்கூட இருக்காது. மாமி பயந்து பயந்துதான் அவருக்கு இப்படி அளந்து போடுகிறார் என்று அவருக்குத் தெரியும். மாமியின் அப்பா காலை வெட்டி எடுத்த பிறகு இதே வியாதியில் போனவர். எக்ஸ்சேஞ்சில் ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு வந்து அந்தக் காலுக்குக் கட்டுப் போட்டவர் மாமிதான். மாமாவுக்கு அப்படி ஆகக்கூடாது. அந்த வீட்டில் நடந்த அத்தனை நிறுவையும் அந்த ஒன்றுக்காகத்தான்.

ஒரு புரட்டாசி சனிக்கிழமை நானும் கோவிலுக்குப் போயிருந்தேன். சேவிப்பு முடிந்து பிரசாத விநியோகம். கோஷ்டியில் இருப்பவர்களுக்குத்தான் முதலில். மாமா மண்டபத் தூணோரம் உட்கார்ந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார். சக்கரைப் பொங்கல் கைகொள்ளாமல் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். நெய் மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை வழிந்தது. பக்கத்தில் இருந்தவர், “ஸ்வாமிக்கு இன்னும் கொஞ்சம்” என்று தன் பங்கிலிருந்தும் வைத்தார். அதற்குப் பிறகு புளியோதரை. அதற்கும் பிறகு ஒரு தோசை, கோவில் தோசை, கனத்த தோசை. தினமும் இப்படி ஏதாவது உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மறுநாள் மாமியைச் சீண்டலாம் என்று தோன்றியது. “மாமி, மாமா கோவில்ல சாப்பிடுறாரே, அதுக்கு எவ்வளவு போடுவீங்க?”

மாமி கீரை ஆய்வதை நிறுத்தினார். “அது பிரசாதம்டி.”

“சக்கரைப் பொங்கல்தானே மாமி?”

“மடப்பள்ளியில தளிகை பண்ற வரைக்கும் சக்கரைப் பொங்கல். பெருமாளுக்குக் காட்டினப்புறம் பிரசாதம். பிரசாதத்துக்கு ஏதுடி கலோரி? பெருமாளைத் தராசுல ஏத்தி நிறுக்கச் சொல்றியா?”

குரலில் கேலி துளியும் இல்லை. சூடான ரசத்தைச் சூடு என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்வது அபசாரம், அதை அளப்பது அதைவிட அபசாரம். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. மாமியும் இறங்கி வருகிற ஓர் இடம் உண்டு என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. பின்னாளில் எனக்கு இன்னொன்றும் தோன்றியிருக்கிறது. மாமாவுக்கு வயிறார எதையாவது கொடுக்க வேண்டும் என்று மாமிக்கு ஆசை இருந்திருக்கும். கணக்கை மீறவும் மனசு வராது. கோவில் அவருக்காக இரண்டையும் பார்த்துக்கொண்டது.

ஆனால் சர்க்கரை இறங்கவில்லை. மாதம் ஒருமுறை மந்தைவெளியில் ஒரு நர்சிங் ஹோமில் ரத்தம் எடுப்பார்கள். டாக்டர், என்ன சாப்பிடுகிறார் என்று கேட்பார். மாமி காலைக் காபியில் தொடங்கி ராத்திரி மோர் வரைக்கும் ஒப்பிப்பார். ஒருமுறை மாமாவுக்கு ஜுரம் என்று துணைக்கு நானும் போயிருந்தேன். டாக்டர் அசந்துபோய், “உங்கள மாதிரி வீட்டுக்கு ஒருத்தர் இருந்தா நாங்கள்லாம் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்” என்றார். மாமிக்கு முகமெல்லாம் பெருமை. இவ்வளவு கட்டுப்பாடாகச் சாப்பிட்டும் சர்க்கரை இறங்காவிட்டால் வியாதிதான் முற்றிக்கொண்டு போகிறது என்று டாக்டர் முடிவு செய்தார். மாத்திரை கூடியது. பிறகு ஊசி வந்தது. ஊசியின் அளவும் கூடியது. காலையும் ராத்திரியும் மாமியே போட்டுவிட்டார்.

டாக்டர் மருந்தைக் கூட்டினார், மாமி சாப்பாட்டைக் குறைத்தார். நாளுக்கு ஒன் சிக்ஸ் டபுள் ஜீரோ என்று இருந்தது ஒன் ஃபோர் ஆகி, கடைசியில் ஒன் டூ டபுள் ஜீரோவில் வந்து நின்றது. வீட்டில் பசி கூடக் கூட, மாமா கோவிலில் இன்னும் ஆசையாகக் கை நீட்டினார். கோஷ்டிக்காரர்களும் இளைத்துப்போன மனுஷன் என்று இன்னும் கொஞ்சம் வைத்தார்கள். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மாமா எதையும் ஒளித்துச் செய்யவில்லை, கையில் பிரசாத வாசனையோடுதான் வீட்டுக்கு வருவார். மாமி அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

ஒருமுறை பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அப்போது ஊசி கிடையாது, மாத்திரை மட்டும்தான். அங்கே சர்க்கரை அழகாக இறங்கிவிட்டது. காலையில் தலை சுற்றுகிறது என்றுகூட மாமா சொன்னாராம். திரும்பி வந்து மாமி என்னிடம், “அந்த ஊர்த் தண்ணி அப்படிடி. மெட்ராஸ் தண்ணிதான் இவருக்குச் சேரலை” என்றார். நானும் இருக்கும் மாமி என்றேன். பெங்களூரில் மகள் வீட்டுப் பக்கத்தில் கோவில் கிடையாது என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை.

அந்த வருஷம் ஒரு சந்திர கிரகணம் சாயங்காலம் பிடித்தது. கோவில் நடை மத்தியானமே சாத்தியாயிற்று. அன்று சேவிப்பும் இல்லை, விநியோகமும் இல்லை. மாமி ஊறுகாய் ஜாடி, மோர், தண்ணீர்க் குடம் எல்லாவற்றிலும் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டார். கிரகணம் விடுகிற வரைக்கும் வாயில் எதுவும் போடக்கூடாது. மாமா நோயாளி, பட்டினி போட முடியாது என்பதால், பிடிப்பதற்கு முன்னாலேயே அவருக்கு ராத்திரிக்கான ஊசியைப் போட்டு, ராத்திரிக்கான இரண்டு சப்பாத்தியையும் கொடுத்துவிட்டார். எதையும் விடவில்லை, எதையும் கூட்டவில்லை. என்னிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தினார்.

கிரகண நேரத்தில் சேவித்தால் பலன் அதிகம் என்று மாமா ஈஸிசேரில் உட்கார்ந்து பாசுரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக எங்கள் வீட்டுக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு வரியிலேயே நின்றுகொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம் வேறு எதனுடனோ சேர்த்துச் சொன்னார். என் வீட்டுக்காரர்கூட, “மாமா இன்னைக்குத் தடுமாறுறாரே” என்றார். பிறகு மாமா சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு அன்றைக்குத்தான் கேட்கிறேன்.

“தோசை எங்க? தோசை வரலையே?”

“கிரகணம் விடட்டும்னா. ஏன் இப்படி வேர்த்துக் கொட்டறது உங்களுக்கு? சித்த சாய்ஞ்சுக்கோங்கோ.”

அப்புறம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டார் என்று மாமி நினைத்திருக்கிறார். கிரகணம் விட்டதும் தான் முதலில் தலைக்குக் குளித்துவிட்டு, மாமாவைக் குளிக்க எழுப்பப் போயிருக்கிறார். என் கதவைத் தட்டியபோது ஈரப்புடவை கட்டியிருந்தார், தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. “எழுந்திருக்க மாட்டேங்கறார்டி” என்றார். அந்த டிரங்க் கால் குரல் அப்போதும் மாறவில்லை.

தெருமுனை ஆட்டோக்காரர் மேலே ஏறி வந்து மாமாவைத் தோளில் சாய்த்துத் தூக்கினார். “பெர்சு இன்னாம்மா, இம்மாம் ஜில்லுனு கீது? கெட்டியா புட்ச்சிக்கோங்க, அஞ்சு நிமிசத்துல இட்டுகினு போய்டறேன்” என்றார். சொன்னபடியே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நர்சிங் ஹோமில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கிறது என்றார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மாமா கண்ணைத் திறக்கவில்லை. அதே டாக்டர் வந்து, சாயங்காலம் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். மாமி ஒரு குறையும் இல்லாமல் ஒப்பித்தார். காலையிலிருந்து ஆக மொத்தம் ஒன் டூ டபுள் ஜீரோ.

“தினமும் இதேதானா?”

“தினமும் இதேதான் டாக்டர்.”

“இவ்வளவுதான் சாப்பிடறார்னா இந்த டோஸ் ரொம்ப ஜாஸ்திம்மா. முதல் வாரமே இப்படி ஆகியிருக்கணும். இத்தனை மாசம் எப்படித் தாங்கினார்?” டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “வெளியில எங்கேயாவது சாப்பிடுவாரா?”

“வெளியில பச்சைத் தண்ணி குடிக்க மாட்டார்.”

“சாயங்காலம் எங்க போவார்?”

“கோவிலுக்குத்தான். கோஷ்டிக்கு.”

டாக்டர் கை நெற்றியிலேயே நின்றது. “பிரசாதம் உண்டா?”

“பிரசாதம் இல்லாமயா?”

“எவ்வளவு சாப்பிடுவார்?”

மாமி வாயைத் திறந்தார். எண் வரவில்லை. உலகத்தில் இருக்கும் அத்தனை பண்டத்துக்கும் எண் வைத்திருந்தவரிடம் இதற்கு எண் இல்லை.  பிறகு இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து டாக்டரிடம் காட்டினார்.

“இவ்வளவு.”

டாக்டர் அந்தக் கைகளையே பார்த்தார். “நான் கேட்டிருக்கணும்” என்றார் முதலில். அப்புறம், “ஊசி அதுக்கும் சேர்த்துத்தாம்மா ஏறிண்டே இருந்திருக்கு. இன்னிக்கு ஊசி உள்ள போச்சு. பிரசாதம் போகலை” என்றார். மாமி குவித்த கையைப் பிரிக்கவில்லை. நான்தான் பிடித்து இறக்கிவிட்டேன். கை சில்லிட்டிருந்தது.

மாமா கண் திறக்காமலே சில நாள் கிடந்தார். பிறகு போய்விட்டார். பதின்மூன்றாம் நாள் சுபத்துக்கு லட்டும் வடையும் போட்டு ஊரையே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள். மாமி மூலையில் உட்கார்ந்து எல்லா இலையையும் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கும் வாய் அசையவில்லை. அதற்கப்புறம் அவர் எண் சொல்லவே இல்லை. தபால் தராசு மேடையிலேயே இருந்தது, அதன்மேல் தீப்பெட்டி வைத்திருந்தார். ஒருநாள் வேண்டுமென்றே அவர் எதிரில் நின்று ஒரு முழு மைசூர்பாகைச் சாப்பிட்டேன். டூ ஃபைவ் ஜீரோ என்று திட்டமாட்டாரா என்று ஏக்கமாக இருந்தது. “நன்னா இருக்கா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று நான் அழுதேன், மறைப்பானேன்.

வருஷ காரியம் முடிந்து, வந்த மார்கழியில் ஒருநாள் விடிகாலை மாமி தானாக வந்து, “கோவிலுக்கு வரியா?” என்று கேட்டார். போனோம். கோஷ்டியில் மாமா நிற்கும் இடத்தில் வேறொருவர் நின்றிருந்தார். சேவிப்பு முடிந்து பெண்கள் வரிசைக்குச் சக்கரைப் பொங்கல் வந்தது. மாமி வலதுகையை நீட்டி வாங்கிக்கொண்டார். உடனே சாப்பிடவில்லை. தூணோரம் நகர்ந்து, கையை லேசாக மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். வீட்டில் தராசுத் தட்டில் சாதத்தை வைத்துவிட்டுக் காத்திருப்பாரே, அதே முகம்.

“டூ ஃபோர் ஜீரோ” என்றார்.

அந்தக் குரலைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. 

“அவர் ரெண்டு கையாலயும் வாங்கிப்பார்” என்றார் மாமி. “ஃபோர் எய்ட் ஜீரோ.”

பிறகு ஒரு பருக்கை கீழே விழாமல் சாப்பிட்டு முடித்தார்.